உப்புக்காற்றுப் பக்கம் படம் விற்க மெட்டல் பிரின்ட்டா, பிரேம் போட்டதா?

வாவிக்கரை:

12 படம் விற்பனைக்கு அடிக்க வேண்டும். ஆறு பாசிக்குடாவில் ஒரு விடுதி வராந்தாவுக்கு, ஆறு அறுகம்பேயில் ஒரு கடைக்கு. இரண்டும் கடலுக்கு மிகக் கிட்ட. கல்லடிப் பாலத்தில் விடியல், முகத்துவாரம் வெளிச்சவீடு, வாவியில் வலை வீச்சு, உல்லையில் அலைச்சறுக்கு, குமணப் பறவைகள், அதோடு வயதானவர்களின் கறுப்பு வெள்ளை முகப்படம் இரண்டு. கமரா 24 மெகாபிக்சல். அளவு 16×24 அங்குலம் என்று நினைப்பு.

பிரேம் போட்டால் ஒரு மாரி தாண்டாது, மெட்டலில் அடி என்கிறார்கள். மெட்டல் என்று விசாரித்தால் ஒரு கடையின் விலை மற்றக் கடையில் மூன்று மடங்கு. ஏன் இந்த வித்தியாசம்? உண்மையிலேயே மெட்டல்தான் நல்லதா? கொழுவுவது எப்படி, விலை வைப்பது எப்படி?

சூட்டுமை:

விலை வித்தியாசத்துக்குக் காரணம், மூன்று வேறு சாமானுக்கும் கடைகளில் "மெட்டல் பிரின்ட்" என்ற ஒரே பெயர். விலை கேட்பதற்கு முதல் சாம்பிளை வாங்கி அதன் விளிம்பைப் பாருங்கள்.

விளிம்பில் மேலும் கீழும் மெல்லிய அலுமினியம், நடுவில் பிளாஸ்டிக் தெரிந்தால் அது ஏசிபி. பெயர்ப்பலகைக் கடைகளில் 3 அல்லது 4 மில்லிமீற்றரில் கிடக்கும் அதே தகடுதான். அதில் இரண்டு வகை வேலை நடக்கிறது. மலிந்தது, ஸ்டிக்கரில் படத்தை அடித்து, லமினேட் பண்ணி, தகட்டில் ஒட்டுவது. மூலையை நகத்தால் கிளப்பிப் பார்த்தால் படலம் எழும்பும். வெயில் படும் வராந்தாவில் முதலில் மூலை கிளம்பும், பிறகு நடுவில் குமிழ் வரும். அடுத்தது யூவி பிளாட்பெட் இயந்திரத்தில் தகட்டின் மேலேயே நேராக அடிப்பது. இருட்டுப் பகுதியும் வெள்ளைப் பகுதியும் சந்திக்கும் இடத்தில் விரலை ஓட்டினால் மை மேடாகத் தட்டுப்படும். மை தகட்டின் மேல்தான் இருக்கிறது, அதனால் மோதிரமோ சாவியோ பட்டால் கீறும். பெரிய அளவுக்கு இது தோதுதான், ஆனால் மேலே வார்னிஷ் அடித்துத் தரச் சொல்ல வேண்டும்.

மூன்றாவது சப்ளிமேஷன். விலை கூடியது இதுதான். வெளிநாட்டில் "மெட்டல் பிரின்ட்" என்று விற்பதும் பெரும்பாலும் இதைத்தான். பொலிமர் பூச்சுள்ள ஒற்றை அலுமினியத் தகடு வேண்டும். குரோமாலக்ஸ் தகடு என்றால் 1.14 மில்லிமீற்றர் தடிப்பு. படத்தை முதலில் சப்ளிமேஷன் மையில் தாளில் இடம் வலமாகத் திருப்பி அடிக்க வேண்டும். அந்தத் தாளைத் தகட்டின் மேல் வைத்து 200 பாகை அளவில் சில நிமிடம் அழுத்தினால், மை ஆவியாகிப் பூச்சுக்குள்ளே இறங்கிவிடும். மேலே மை என்று ஒன்றும் மிஞ்சாது, உரிந்து வர ஒன்றுமில்லை. ஈரத்துணியால் துடைக்கலாம்.

இங்கே கப்பும் ரீசேர்ட்டும் அடிக்கிற கடைகளில் உள்ள பிரஸ் அநேகமாக 38×38 சென்ரிமீற்றர். அதில் ஏ4 தகடு, மிஞ்சினால் 30×30 வரும். 16×24 அங்குலத்தை அதில் இரண்டு தரம் அழுத்தித் தருகிறேன் என்றால் விட்டுவிடுங்கள், நடுவில் கோடு விழும். அந்த அளவுக்குப் பெரிய பிரஸ் உள்ள இடம் வேண்டும். இன்னொன்று, பரிசுப்பொருள் கடைகளுக்கு வரும் அரை மில்லிமீற்றர் சப்ளிமேஷன் தகடு. கையால் வளையும், பூச்சும் மட்டம். கதவில் பெயர் போட அது காணும், விற்கிற படத்துக்கு ஆகாது.

ஒரு காந்தமும் கையோடு கொண்டு போங்கள். தகட்டில் ஒட்டினால் அது இரும்புத் தகடு. கல்லடியிலும் பாசிக்குடாவிலும் இரும்புக்கு என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

அழுத்தும்போது வரும் பிழைகளையும் தெரிந்து வைத்தால், சாமானை ஏற்பதா திருப்புவதா என்று சொல்லலாம். படத்துக்குப் பக்கத்தில் மங்கலாக இன்னொரு நிழல்: பிரஸ்ஸைத் தூக்கும்போது தாள் அசைந்திருக்கிறது, வெப்ப டேப் சரியாக ஒட்டவில்லை. வானத்தில் மேகமில்லாத இடத்தில் திட்டுத் திட்டாக வெளிறல்: தாளில் ஈரம், அது நீராவியாகி மையைத் தள்ளிவிட்டது. நமது பக்கம் மார்கழியில் இது சர்வசாதாரணம், தாளை முதலில் சில வினாடி வெறுமனே சூடாக்கி எடுக்க வேண்டும். ஓரம் மட்டும் மங்கல்: தகடு சூட்டில் வில்போல் எழும்பியிருக்கிறது, அல்லது பிரஸ்ஸின் ஓரத்தில் சூடு போதாது. எழுத்து பிறகு திரும்பித் தெரிந்தால், இடம் வலம் மாற்ற மறந்திருக்கிறார்கள். காத்தான்குடி, மருதமுனைப் பக்கம் கஃபாப் படமும் அரபு எழுத்தணியும் அடிக்கும்போது அழுத்த முதல் இரண்டு பேர் வாசித்துப் பார்ப்பது நல்லது.

நாலுமூலைச்சட்டம்:

மாரி தாண்டாது என்பது பிரேமின் குற்றம் இல்லை, போட்ட விதத்தின் குற்றம். வழக்கமான பிரேமில் படம் கண்ணாடியோடு ஒட்டிக் கிடக்கும், பின்னால் ஹாட்போட், அதைச் சின்ன ஆணி அடித்து மண்ணிற டேப் ஒட்டியிருப்பார்கள். ஹாட்போட் சுவர் ஓதத்தை உறிஞ்சும், அது மவுண்ட் போட்டுக்கு (படத்தைச் சுற்றி வைக்கும் தடித்த அட்டை) ஏறும், மவுண்ட் போட்டிலிருந்து படத்துக்கு ஏறும். தாள் ஈரத்தில் விரியும். நாலு பக்கமும் டேப் ஒட்டியிருந்தால் விரிய வழியில்லாமல் நடுவில் அலையடிக்கும். அலை போய்க் கண்ணாடியில் தொட்ட இடத்தில் படம் ஒட்டிக்கொள்ளும், பிறகு உரித்தால் மையும் சேர்ந்து வரும். பூஞ்சணம் அதற்குப் பிறகு. கறையான் சுவரோடு வந்து ஹாட்போட்டில்தான் முதலில் ஏறும்.

இதைத் தவிர்க்கலாம். படத்தின் மேல் ஓரத்தில் மட்டும் இரண்டு இடத்தில் அமிலமற்ற டேப்பால் கட்டித் தொங்க விடுங்கள், மற்ற மூன்று பக்கமும் சும்மா இருக்கட்டும். மவுண்ட் போட்டும் அமிலமற்றதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வெட்டிய சாய்வு விளிம்பு மஞ்சளாகி அந்த மஞ்சள் படத்திலும் ஏறும். பின்பலகைக்கு ஹாட்போட்டை விட்டு 3 மில்லிமீற்றர் ஏசிபி போடுங்கள். சூட்டுமை ஐயா சொன்ன அதே தகடு, ஈரமும் போகாது கறையானும் தின்னாது. கண்ணாடி, மவுண்ட், படம், ஏசிபி நாலையும் ஒன்றாக அடுக்கி, சுற்று விளிம்பை அலுமினிய டேப்பால் மூடி, அந்தப் பொதியை அப்படியே சட்டத்துக்குள் இறக்குங்கள்.

மூடும் நாள் முக்கியம். வாடை மழைக்குள் மூடினால் ஈரத்தையும் சேர்த்து உள்ளே அடைத்ததாகிவிடும். தாளையும் மவுண்ட் போட்டையும் ஏசி அறையில் ஒரு முழு நாள் வைத்து, அங்கேயே வைத்து மூட வேண்டும். மரச்சட்டமும் கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் காய்ந்து மூலை விரியும், வாடையில் ஊதும். மூலைக்கு பசையோடு வி-ஆணியும் கட்டாயம்.

இவ்வளவும் செய்தால் செலவு கூடும் என்பது உண்மை. ஆனால் அந்த இரண்டு முகப்படத்தையும் தயவுசெய்து மெட்டலில் அடிக்க வேண்டாம். சுருக்கமும் நரைத்த தாடியும் பருத்தித் தாளில் பிக்மென்ட் மையில் வரும்போதுதான் உயிரோடு தெரியும். மெட்டலின் பளபளப்பில் முகம் எண்ணெய் வடிந்த மாதிரி நிற்கும். இன்னொரு விசயம், வீட்டில் பெரியவர்கள் காலமான பிறகு வைக்கிற படத்துக்கு மெட்டல் கேட்டு வந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: சட்டம் இல்லாத தகட்டில் மாலை போட இடமில்லை, பொட்டு வைத்தால் மேல் பூச்சில் நேரே படும். கண்ணாடி போட்டால் ஊதுபத்திப் புகையையும் எண்ணெய்ப் பிசுக்கையும் துடைத்துக்கொண்டே போகலாம்.

சூட்டுமை:

ஆள் படத்தில் ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் மெட்டலில் மட் பூச்சும் இருக்கிறது, எல்லாமே பளபளப்பு இல்லை.

பூச்சைப் பற்றியும் சொல்ல வேண்டும். சப்ளிமேஷனில் வெள்ளை மை கிடையாது. வெள்ளை அடித்தளத் தகட்டில் படத்தின் வெள்ளை அந்தத் தளத்தின் வெள்ளை. சில்வர் தகட்டில் வெள்ளை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் உலோகம் தெரியும். விடியலில் வாவி மினுங்கும் படத்துக்கு சில்வர் அழகு. அலைச்சறுக்குப் படத்தை சில்வரில் அடித்தால் நுரை பக்கத்திலிருந்து பார்க்கச் சாம்பலாகிவிடும், அதற்கு வெள்ளைத் தளம், குளொஸ் (பளபளப்புப் பூச்சு). முகத்துக்கு சில்வர் வேண்டவே வேண்டாம். விடுதி வராந்தாவில் எதிரே வெளிச்சம் என்றால் குளொஸ்ஸில் பார்ப்பவரின் முகமும் பிளாஸ்டிக் கதிரையும்தான் தெரியும், அங்கே சாட்டின் (அரைப் பளபளப்பு) அல்லது மட்.

மெட்டல் சாகாவரம் பெற்றதும் இல்லை. அது கெடுவது விளிம்பிலிருந்து. வெட்டிய விளிம்பிலும் துளை போட்ட இடத்திலும் பூச்சில்லாத அலுமினியம் வெளியே நிற்கிறது. உப்புப் படிந்து வெள்ளைத் தூள் பூக்கும், பிறகு பூச்சுக்கு அடியில் ஊர்ந்து கொப்புளம் போடும். அதனால் கடலோரத்தில் மூலையில் துளை போட்டு ஸ்டாண்டொஃப் திருகாணி (படத்தைச் சுவரிலிருந்து விலக்கிப் பிடிப்பது) வைக்கும் முறையைத் தவிர்ப்பேன். விளிம்பைச் சுற்றி நிறமற்ற அக்கிரிலிக் லக்கர் மெல்லிய தூரிகையால் ஒரு பூச்சு. மாதம் ஒரு தரம் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மைக்ரோஃபைபர் துணியால் துடைத்து உலர்த்தினால் போதும். அமோனியா கலந்த கண்ணாடித் துடைப்பான் ஆகாது.

வெயில்தான் பெரிய எதிரி. சப்ளிமேஷன் மை சாயம், நேர் வெயிலில் வெளிறும். பாசிக்குடா கிழக்கே பார்த்த கடற்கரை, கடலைப் பார்த்த வராந்தாவில் காலைச் சூரியன் நேரே உள்ளே வரும். காலை ஏழு மணிக்கும் ஒன்பது மணிக்கும் போய், வெயில் விழும் சுவர் எது என்று பார்த்துவிட்டு இடம் கேளுங்கள். அந்தச் சுவருக்கு மெட்டலும் ஆகாது, பிரேமும் ஆகாது.

பிக்சல்பிள்ளை:

கோப்பு பற்றி யாரும் சொல்லவில்லை.

24 மெகாபிக்சல் கமராவில் 6000×4000. 16×24 அங்குலத்துக்கு அங்குலத்துக்கு 250 பிக்சல் வருகிறது, தாராளம். விகிதமும் 3:2, அப்படியே பொருந்தும். ஆனால் நாலு பக்கமும் 3 மில்லிமீற்றர் வெட்டுக்குப் போகும், ஆகவே வள்ளத்தின் அணியமோ வெளிச்சவீட்டின் உச்சியோ ஓரத்தை ஒட்டி நிற்கக் கூடாது. படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் நீளப்பக்கம் 1600 பிக்சல் அளவுக்குச் சுருங்கும். அது 24 அங்குலத்தில் அங்குலத்துக்கு 67 பிக்சல்கூட இல்லை. டொகியுமென்ட்டாக அனுப்புங்கள், இல்லையென்றால் டிரைவ் இணைப்பு.

விடியல் படங்களில் நிழல் அடைபடும், அது மெட்டலின் குணம். கணினித் திரையைக் குறைந்த வெளிச்சத்தில் வைத்துத் திருத்துங்கள், சதுர மீற்றருக்கு 100 கண்டெலா அளவு நல்லது. முழு வெளிச்சத்தில் வைத்துத் திருத்தினால் அடித்து வரும்போது பாலம் கரிக்கட்டிதான். அடிக்கிற இடத்தில் அந்தத் தகட்டுக்கான ஐசிசி புரொஃபைல் (அதில் நிறம் எப்படி வரும் என்று சொல்லும் கோப்பு) கேட்டு வாங்கி சொஃப்ட் புரூஃப் பாருங்கள், அதாவது அடிக்க முதல் திரையிலேயே நிறத்தைப் பார்ப்பது. புரொஃபைல் என்றால் என்ன என்று திருப்பிக் கேட்டால் எஸ்ஆர்ஜிபி என்ற பொது நிற வகையில் கொடுத்துவிட்டு, முதலில் ஒரு சோதனைத் துண்டு: முழுப் படத்தைச் சிறிதாக்க வேண்டாம், படத்தின் மிக இருண்ட பகுதியில் 8×10 அங்குலத்தை வெட்டி, அதே 250 பிக்சலில் அடித்துப் பார்க்க வேண்டும். சிறிதாக்கினால் கூர்மையும் நிழலும் வேறு மாதிரித் தெரிந்து ஏமாற்றும்.

வாவிக்கரை:

எல்லோருக்கும் நன்றி. துளை போடாமல் எப்படிக் கொழுவுவது? விடுதிச் சுவரில் கீழ்ப்பகுதி உப்புப் பூத்துச் சுண்ணாம்பு உதிர்கிறது.

சூட்டுமை:

அலுமினிய யன்னல் வேலை செய்யும் கடையில் யூ-சனல் வாங்கி 40 சென்ரிமீற்றரில் இரண்டு துண்டு வெட்டுங்கள். படத்தின் ஓரத்திலிருந்து 5 சென்ரிமீற்றர் உள்ளே, மேலே ஒன்று கீழே ஒன்று, விஎச்பி என்ற உறுதியான இரட்டைப்பக்க டேப்பால் ஒட்ட வேண்டும். எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) கட்டை ஒட்டித் தருவார்கள், வாங்காதீர்கள். வெறும் எம்டிஎஃப்பில் டேப் பிடிக்காது, ஓதத்தில் ஊதியும் விடும்.

16×24 அங்குலத் தகடு 1.14 மில்லிமீற்றரில் முக்கால் கிலோவுக்குச் சற்று மேல். ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 55 சதுர சென்ரிமீற்றர் டேப் என்பது வழக்கமான கணக்கு. 25 மில்லிமீற்றர் அகல டேப்பை மேல் சனல் முழுக்க ஓட்டினாலே 100 சதுர சென்ரிமீற்றர், இரட்டிப்புக்கு மேல் இருக்கிறது. விழுந்தால் டேப்பின் பிழையாக இராது, துடைக்காத தகட்டின் பிழையாக இருக்கும். ஐசோபுரொப்பைல் அற்ககோலும் தண்ணீரும் சரிபாதி கலந்து இரண்டு பக்கமும் துடைத்து, காயவிட்டு, ஒட்டி, முழு நீளத்துக்கும் பெருவிரலால் அழுத்துங்கள். ஒரு நாளில் பெரும்பாலான பிடி வந்துவிடும், முழுப் பிடிக்கு 72 மணித்தியாலம். மூன்று நாள் முகம் கவிழ்ந்து மெத்தென்ற துணியில் கிடக்கட்டும், அதற்கு முதல் கொழுவ வேண்டாம்.

சுவரில் 6 மில்லிமீற்றர் கொங்கிரீட் பிற்றால் துளை போட்டு வோல் பிளக் இறக்கி, துருப்பிடிக்காத ஸ்டீல் திருகாணி இரண்டு, அவற்றின் மேல் மேல்சனல் உட்காரும். எந்த ஸ்டீல் திருகாணியும் அலுமினியத்தைத் தொட்டால் உப்பில் அலுமினியம்தான் முதலில் அரிபடும், இடையில் நைலோன் வாசர் வையுங்கள். உப்புப் பூத்த பகுதிக்கு மேலே, உறுதியான இடத்தில் மட்டும் துளை. சனலின் ஆழம் 10 மில்லிமீற்றருக்குக் குறையாமல் இருந்தால் பின்னால் காற்று ஓடும். கீழ்ச் சனலில் இரண்டு இறப்பர் பொட்டு.

நாலுமூலைச்சட்டம்:

பாரத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அதே 16×24 படத்துக்கு 3 அங்குல மவுண்ட் விட்டால் வெளியளவு 22×30. 2 மில்லிமீற்றர் கண்ணாடி மட்டும் 2 கிலோவுக்குச் சற்று மேல், பின்பலகையும் சட்டமும் சேர்ந்தால் 4 கிலோ தாண்டும். உதிர்கிற சுவருக்கு இது பாரம். அந்த விசயத்தில் மெட்டல்தான் வெற்றி, ஒத்துக்கொள்கிறேன்.

உல்லைக்காற்று:

அறுகம்பேக் கடைக்கு 16×24 அளவில் ஆறையும் வைப்பது வீண். அலைக்கு வருகிறவர்கள் சித்திரை தொடங்கி ஐப்பசி வரை முதுகுப்பையோடும் அலைப்பலகையோடும் வருகிறார்கள். சுவரில் பெரியது ஒன்றோ இரண்டோ கண்ணைப் பிடிக்க, விற்க 8×12 அங்குல மெட்டல். பெட்டியில் துணிக்கு நடுவில் போகும், 200 கிராமுக்குள். கண்ணாடி போட்டதை எவ்வளவு ரசித்தாலும் விமானத்துக்கு எடுக்கப் பயப்படுவார்கள். முகப்படங்களுக்கு மவுண்ட் மட்டும் வைத்து, பின்னால் தடித்த அட்டை கொடுத்து, தெளிவான உறையில் போட்டு வையுங்கள், பிரேம் அவர்கள் ஊரில் போட்டுக்கொள்ளட்டும்.

மெட்டல் உடையாது என்று அலட்சியமாகக் கட்ட வேண்டாம். மூலை ஊசி மாதிரி, கீழே விழுந்தால் மூலை மடங்கும், மடங்கினால் நிமிர்த்த வழியே இல்லை. முகத்துக்கு மெல்லிய ஃபோம் தாள், நாலு மூலைக்கும் அட்டை மூலை, இரண்டு பக்கமும் படத்தைவிட 2 அங்குலம் பெரிய தடித்த அட்டை, படம் நடுவில் அசையாமல். பொத்துவில் பஸ்ஸில் பொதி போடுவதென்றால் நிமிர்த்தி வைக்கச் சொல்லுங்கள், படுக்க வைத்தால் மேலே அரிசி மூட்டை வரும்.

விலையில் எல்லோரும் விழும் குழி ஒன்று. விற்ற விலையில் கடைக்கு 40 வீதம் கழிவு என்று வையுங்கள். தகடு, சனல், டேப், பொதி, ஏற்றுக்கூலி 12,000 ரூபாய், உங்கள் கூலி 6,000, மொத்தம் 18,000. இதோடு 40 வீதம் கூட்டி 25,200 என்று போட்டால், கடை கழித்த பிறகு கைக்கு 15,120. உங்கள் கூலியில் கிட்டத்தட்டப் பாதி போய்விட்டது. 18,000ஐ 0.6ஆல் பிரிக்க வேண்டும், 30,000. எண்கள் உதாரணத்துக்கு, முறைதான் முக்கியம். சோதனைத் துண்டின் செலவையும் மூலை மடங்கிப் போகும் ஒன்றிரண்டின் செலவையும் எல்லாப் படத்துக்கும் பிரித்துப் போடுங்கள். விடுதிக்கும் கடைக்கும் வேறு வேறு கழிவு இருந்தாலும் சுவரில் ஒரே விலைதான் இருக்க வேண்டும், சுற்றுலாக்காரர் பாசிக்குடாவில் பார்த்துவிட்டு அறுகம்பேக்கு வருகிறார்கள்.

மெட்டலின் முகத்தில் கையெழுத்து வைக்க வேண்டாம், அழியும். பின்னால் பெயின்ட் மார்க்கரால் கையெழுத்து, பிரதி எண். இடமும் ஆண்டும் எழுதிய சீட்டு ஒட்டினால் வாங்குபவர் இரண்டாம் தரம் பார்ப்பார்: முகத்துவாரம் வெளிச்சவீடு, கட்டியது 1913. கல்லடியில் 1928இன் பழைய பாலமும் 2013இல் திறந்த புதியதும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதால், படத்தில் எது என்று எழுதத்தான் வேண்டும். பழைய பாலத்தின் இரும்பு வளைவு பார்த்தவுடன் தெரியும் என்று நமக்குத்தான் நினைப்பு, வெளியூராருக்குத் தெரியாது.

வாவிக்கரை:

அப்படியானால் விடுதிக்கு வாவி, பாலம், வெளிச்சவீடு, பறவைகள் எல்லாம் 16×24 மெட்டல், வெள்ளைத் தளம், சாட்டின். அறுகம்பேக்கு அலைச்சறுக்கு ஒன்று பெரிதாக, மற்றது 8×12. முகப்படம் இரண்டும் பருத்தித் தாளில், ஒன்றை மட்டும் மூடிய பொதியாகச் சட்டம் போட்டு விடுதியின் உள் வரவேற்பறைக்கு. சரியா?

நாலுமூலைச்சட்டம்:

ஓம், சரி. வரவேற்பறையில் ஏசி காற்று நேரே படும் சுவரில் மட்டும் வைக்க வேண்டாம். ஏசியை நிறுத்தியதும் கதவால் வரும் ஈரக்காற்று குளிர்ந்த கண்ணாடியில் வேர்க்கும், அந்தத் தண்ணீர் வழிந்து கீழ்ச்சட்டத்துக்குள்தான் இறங்கும்.

சூட்டுமை:

வாவி மினுங்குகிற படம் ஒன்றை மட்டும் சில்வரிலும் ஒரு 8×10 துண்டு அடித்துப் பாருங்கள். வாங்கி வந்தவுடன் பாதுகாப்புப் படலம் உரித்திருக்கிறதா என்றும் பாருங்கள். அழுத்த முதல் உரிக்க மறந்தால் படம் படலத்தில் ஏறிவிடும், பிறகு உரிக்கும்போது படமும் கையோடு வரும்.